அத்தியாயம் 9: கிரிப்டோவால் ஆகும் காரியம் என்ன?

"பிட்காயின் இன்னும் ஏறுமா?" கிரிப்டோ பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தக் கேள்விக்குத்தான் வந்து சேர்கிறது. இந்த அத்தியாயம் அதற்குப் பதில் சொல்லாது. பதில் தெரிந்தவர் யாரும் இல்லை. தெரிந்ததுபோல் பேசுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்; அடுத்து வாங்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர்.

இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. இதை வைத்து என்ன வேலை நடக்கும்? மளிகைக் கடையில் கொடுக்கலாமா, வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பலாமா, மகளின் படிப்புக்குச் சேமிக்கலாமா? ஒவ்வொரு பயனாக எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்ப்போம்.

1. இதே வேலையை இப்போது எது செய்கிறது? அதைவிட இது மலிவா, வேகமா?
2. இந்த வேலைக்குள் நுழையவும் வெளியேறவும் எவ்வளவு செலவு?
3. தவறு நடந்தால் யாரைக் கேட்பது?

மூன்றாவது கேள்வியைத்தான் விற்பனைப் பேச்சில் யாரும் தொடுவதில்லை. பணம் இழந்தவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்டது அதைத்தான்.

இது எப்படி ஓடுகிறது

2008 அக்டோபர் 31 அன்று, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவர் அல்லது ஒரு குழு ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் ஓடத் தொடங்கியது. இரண்டு பேருக்கு நடுவே வங்கி இல்லாமலேயே பணம் கைமாற வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

வங்கிக்குப் பதிலாக ‘பிளாக்செயின்’ எனப்படும் ஒரு பொதுக் கணக்குப் பேரேடு. அதன் நகல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. சுமார் 10 நிமிடத்துக்கு ஒருமுறை புதிய பரிமாற்றங்கள் ஒரு கட்டாகச் சேர்க்கப்படுகின்றன. அந்தக் கட்டைச் சேர்க்கும் உரிமைக்காக, ‘மைனர்’ எனப்படும் கணினிக்காரர்கள் மின்சாரத்தைச் செலவழித்துப் போட்டி போடுகிறார்கள். வென்றவருக்குப் புதிய பிட்காயின் பரிசு. தொடக்கத்தில் 50 ஆக இருந்த பரிசு ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகி, 2024 ஏப்ரலிலிருந்து 3.125 ஆக இருக்கிறது. மொத்த பிட்காயின் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது.

இந்த அமைப்பிலிருந்து நேரடியாக வரும் இரண்டு விளைவுகளை மனதில் வையுங்கள். தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது. உங்கள் இரகசியச் சாவியை, அதாவது 12 அல்லது 24 சொற்களாக எழுதித் தரப்படும் வரிசையைத் தொலைத்தால், மீட்டுத் தர உலகில் எந்த அலுவலகமும் கிடையாது. இவற்றைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். வங்கி வேண்டாம் என்று முடிவு செய்ததன் விலை இது.

கடையில் கொடுக்க உதவுமா?

2010 மே 22 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் லாஸ்லோ ஹன்யெக்ஸ் என்ற நிரலாளர் இரண்டு பீட்சாவுக்கு 10,000 பிட்காயின் கொடுத்தார். அப்போது அதன் மதிப்பு சுமார் 41 டாலர். அவர் எத்தனை கோடியை விட்டுவிட்டார் என்று கணக்குப் போட்டு வருந்தத்தான் இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அன்று பிட்காயின் அதை உருவாக்கியவர் நினைத்த வேலையைச் செய்தது என்பதை யாரும் சொல்வதில்லை. விலை ஏறப்போகிறது என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய நாளிலிருந்து அதைச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? வைத்திருக்கத் தூண்டும் குணமும் கைமாறத் தூண்டும் குணமும் ஒன்றையொன்று முறிக்கின்றன.

வேகமும் இடிக்கிறது. பிட்காயின் வலையமைப்பு நொடிக்குச் சுமார் 7 பரிமாற்றங்களைத்தான் கையாளும். நம் யூபிஐ 2023 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 1,000 கோடி பரிமாற்றங்களைத் தாண்டியது. சராசரியாக நொடிக்கு ஏறத்தாழ 4,000. டீக்கடைக்காரர் க்யூஆர் அட்டையை மாட்டிவைத்துக் கட்டணம் இல்லாமல் பணம் வாங்கும் ஊரில், பத்து நிமிடம் காத்திருந்து கட்டணமும் கட்டி வாங்கும் முறைக்கு அவர் ஏன் மாற வேண்டும்?

கட்டணமும் நிலையாக இருப்பதில்லை. கூட்டம் கூடினால் ஏறும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2016-ல் பிட்காயினை ஏற்கத் தொடங்கியது. ஒரு பரிமாற்றத்துக்கான கட்டணம் 20 டாலரை நெருங்கியதாலும் விலை தாறுமாறாக ஆடியதாலும் 2017 டிசம்பரில் நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதம் மயாமியில் நடந்த பிட்காயின் மாநாட்டிலேயே, கடைசி நேர நுழைவுச்சீட்டுக்கு பிட்காயினை ஏற்க முடியாது என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். டெஸ்லா 2021 மார்ச்சில் காருக்கு பிட்காயினை ஏற்றது. மே மாதமே கைவிட்டது.

லைட்னிங் என்ற மேலடுக்கு அமைப்பு சிறு தொகைகளை வேகமாகவும் மலிவாகவும் நகர்த்துகிறது. உண்மைதான். ஆனால் அதைத் தானே இயக்கத் தெரியாதவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், இடையில் ஒரு நிறுவனத்தின் செயலியை நம்பித்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். நடுவில் யாரும் வேண்டாம் என்று புறப்பட்ட வண்டி மறுபடி ஒரு நடுவரிடம் வந்து நிற்கிறது. இந்த வட்டம் இந்த அத்தியாயத்தில் மீண்டும் மீண்டும் வரும்.

ஒரு நாடே செய்து பார்த்த சோதனை

கிரிப்டோவின் பயனைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் ‘ஒருநாள் எல்லோரும் பயன்படுத்தும்போது’ என்று முடியும். எல் சால்வடார் அந்த நாளைச் சட்டம் போட்டு வரவழைக்கப் பார்த்தது.

மத்திய அமெரிக்காவிலுள்ள இந்தச் சிறிய நாடு 2001 முதல் அமெரிக்க டாலரையே தன் நாணயமாக வைத்திருக்கிறது. அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் பொருளாதாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் ஏராளம். மலிவான பணப் பரிமாற்றம் தேவைப்படும் நாடு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதிபர் நயீப் புக்கேலே 2021 செப்டம்பர் 7 அன்று பிட்காயினைச் சட்டபூர்வ நாணயமாக்கினார். தொழில்நுட்ப வசதி உள்ள வணிகர் எவரும் அதை மறுக்கக் கூடாது என்றது சட்டம். பிட்காயினை வைத்துக்கொள்ளும் ‘சிவோ’ என்ற அரசு வாலட் செயலியைப் பதிவிறக்கியவர்களுக்கு 30 டாலர் மதிப்பிலான பிட்காயின் இலவசம். பிட்காயினை டாலராக மாற்றிக்கொள்ள ஏடிஎம்கள். கட்டணமும் கிடையாது.

நடந்தது என்ன? மக்கள் செயலியைப் பதிவிறக்கினார்கள், 30 டாலரைச் செலவழித்தார்கள், பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். பொருளியல் ஆய்வாளர்கள் 1,800 வீடுகளுக்கு நேரில் சென்று விசாரித்தபோது, பதிவிறக்கியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இலவசத் தொகைக்குப் பிறகு ஒரு பரிமாற்றம்கூடச் செய்யவில்லை என்று தெரிந்தது. ரொக்கமே போதும் என்றார்கள். இதை நம்ப முடியவில்லை என்றார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தில் கிரிப்டோ வாலட்டுகள் வழியாக வந்தது 2022-ல் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. 2024 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்திடம் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு செய்தபோது, பிட்காயின் கட்டாயத்தைத் தளர்த்துவது நிபந்தனைகளில் ஒன்று. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. இப்போது அதை ஏற்பதும் மறுப்பதும் கடைக்காரர் விருப்பம். வரியை பிட்காயினில் கட்ட முடியாது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சட்டம் வந்த நாளில் ஒரு பிட்காயின் சுமார் 50,000 டாலர். சட்டம் பின்வாங்கிய மாதத்தில் 1,00,000 டாலருக்கு மேல். அரசு வாங்கி வைத்திருந்த பிட்காயின்கள் காகிதத்தில் லாபம் காட்டின. விலை இரண்டு மடங்கான அதே காலத்தில்தான் நாணயமாகப் பயன்படுத்தும் முயற்சி தோற்றது. ஆகவே யாராவது விலை வரைபடத்தைக் காட்டி, "பயன் இல்லாமலா இவ்வளவு ஏறியிருக்கிறது?" என்று கேட்டால், எல் சால்வடாரைச் சொல்லுங்கள். விலையும் பயனும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நடக்கக்கூடியவை.

வீட்டுக்குப் பணம் அனுப்ப உதவுமா?

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. இங்கே பிட்காயினைவிட ‘ஸ்டேபிள்காயின்’ எனப்படும் நிலைவிலை நாணயங்கள்தான் அதிகம் பேசப்படுகின்றன. ஒரு காயின் எப்போதும் ஒரு டாலர் என்று நிறுவனம் ஒன்று வாக்குக் கொடுக்கிறது. டெதரும் யூஎஸ்டிசியும் இவற்றில் பெரியவை.

வலையமைப்பில் இந்தக் காயின் சில நொடிகளில், சில்லறைக் கட்டணத்தில் நகரும் என்பது உண்மை. ஆனால் உங்கள் சம்பளம் காயினாக வருவதில்லை. ஊரில் அம்மா காயினில் அரிசி வாங்குவதுமில்லை. சிங்கப்பூர் டாலரைக் காயினாக்க ஒரு கட்டணம், காயினை ரூபாயாக்க இன்னொன்று, இந்தியாவில் விற்கும்போது 1% டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வரி). இரண்டு முனையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், விளம்பரத்தில் சொன்ன ‘சில்லறைக் கட்டணம்’ எங்கோ போய்விடும்.

பலர் காயினை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சைத் தவிர்த்து, முகம் தெரியாத ஒருவருக்கு நேரடியாக டெதரை விற்று ரூபாய் வாங்குகிறார்கள். அப்படி வரும் ரூபாய் யாரோ ஒருவரிடம் சைபர் மோசடியில் பறித்த பணமாக இருந்தால், போலீஸ் அந்தத் தடத்தைப் பிடித்து வந்து முடக்குவது விற்றவரின் வங்கிக் கணக்கை. குற்றம் செய்யாதவர் தன் கணக்கை விடுவிக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு அலைய நேர்கிறது. உண்டியலில் பணம் அனுப்பிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து புதிதல்ல. உண்டியலில் தெரிந்த ஆளாவது ஒருவர் நடுவில் இருப்பார்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு 2023 பிப்ரவரி முதல் பேநவ், யூபிஐ இணைப்பு இருக்கிறது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உள்ளிட்ட வங்கிகளிலுள்ள கணக்குகளுக்குத் தொலைபேசியிலிருந்தே அனுப்பலாம். ரசீது உண்டு, சிக்கல் வந்தால் புகார் கொடுக்க இடமும் உண்டு. ஊரில் ரூபாயாகக் கையில் சேரும் தொகை எவ்வளவு என்பதை இரண்டு வழியிலும் கணக்கிட்டு, அதன் பிறகு தேர்ந்தெடுங்கள்.

ஸ்டேபிள்காயினின் ‘நிலை’யையும் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டும். டெராயூஎஸ்டி என்ற காயினைப் போட்டுவைத்தால் ஆண்டுக்கு 20% அளவுக்கு வட்டி என்று ஆங்கர் என்ற திட்டம் சொன்னது. அதன் பின்னால் டாலர் இருப்பு கிடையாது; லூனா என்ற இன்னொரு காயினை வைத்து விலையைத் தாங்கிப் பிடிக்கும் கணிதம்தான் முக்கியமாக இருந்தது. 2022 மே மாதம் ஒரே வாரத்தில் இரண்டும் சரிந்து, சுமார் 4,000 கோடி டாலர் மதிப்பு காற்றில் போனது. உண்மையான இருப்பு வைத்திருக்கும் யூஎஸ்டிசிகூட, 2023 மார்ச்சில் அதன் இருப்பில் 330 கோடி டாலர் சிக்கிய சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, ஒரு கட்டத்தில் 90 சென்ட்டுக்குக் கீழே இறங்கியது. எல்லாக் காயினுக்கும் முழு டாலர் இருப்பு உண்டு என்று டெதர் சொல்லிவந்தது உண்மையல்ல என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு 2021-ல் அதற்கு 4.1 கோடி டாலர் அபராதம் விதித்தது.

நடுவர் திரும்பி வந்த கதை

இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டுமென்றால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிப்டோவின் ஒரே அசலான புதுமை, நடுவரை நம்பத் தேவையில்லை என்பது. ஆனால் 24 சொற்களைக் காலமெல்லாம் பத்திரமாக வைத்திருக்கப் பெரும்பாலான மனிதர்களால் முடியாது. ஆகவே காயினை எக்ஸ்சேஞ்சில் விட்டுவைக்கிறோம். அந்த நிமிடமே நடுவர் திரும்பி வந்துவிட்டார். முன்பு வங்கி என்ற நடுவருக்கு உரிமம், தணிக்கை, ரிசர்வ் வங்கிக் கண்காணிப்பு, 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு எல்லாம் இருந்தன. புதிய நடுவருக்கு அந்தக் கடிவாளங்களில் பல இல்லை.

விளைவுகளை வரிசையாகப் பாருங்கள். 2014 பிப்ரவரியில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 8,50,000 பிட்காயினைக் காணவில்லை என்றது. கனடாவின் குவாட்ரிகா நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தபோது, வாடிக்கையாளர் பணத்தின் சாவி அவரோடு போய்விட்டது என்று சொல்லப்பட்டது. பணத்தின் பெரும்பகுதி அவருடைய மோசடியிலேயே முன்பே கரைந்திருந்தது என்று பின்னர் ஒழுங்குமுறை அமைப்பு கண்டறிந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்தது. வாடிக்கையாளர் பணத்தை எடுத்துப் பயன்படுத்தியதற்காக அதன் நிறுவனர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறை.

நம் ஊர்க் கதை வஸீர்எக்ஸ். 2024 ஜூலை 18 அன்று அதன் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், அதாவது 2,000 கோடி ரூபாய்க்கு அருகில், களவு போனது. வாடிக்கையாளர் சொத்தில் ஏறத்தாழ 45% அது. கணக்குகள் முடங்கின. நிறுவனத்தின் தாய்க் கம்பெனி சிங்கப்பூரில் இருந்ததால் மறுசீரமைப்பு வழக்கு அங்கே நடந்தது; வர்த்தகம் மீண்டும் தொடங்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. களவுபோகாத வேறு காயின் வைத்திருந்த முதலீட்டாளர் ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். கிரிப்டோ என்பது ஒரு சொத்து, ஒருவர் இன்னொருவருக்காகப் பொறுப்பேற்று அதை வைத்திருக்க முடியும் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தார். முதலீட்டாளருக்கு இது முக்கியமான பாதுகாப்பு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றமும் அரசும் நடுவரும் தேவைப்படாத பணம் என்று சொல்லப்பட்ட ஒன்றுக்கு, கடைசியில் கைகொடுக்க வேண்டியிருந்தது நீதிமன்றம்.

சேமிப்பாக வைக்கலாமா? ஊகமும் வரியும்

ஒரு கம்பெனிப் பங்கின் விலைக்குப் பின்னால் லாபம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் வாடகை. கடன் பத்திரத்துக்குப் பின்னால் வட்டி. பிட்காயினுக்குப் பின்னால் இப்படி எந்த வருமானமும் இல்லை. நீங்கள் வாங்கியதைவிட அதிகம் கொடுக்க இன்னொருவர் வந்தால்தான் உங்களுக்கு லாபம். தங்கமும் அப்படித்தானே என்று கேட்கலாம்; ஓரளவு உண்மை. ஆனால் தங்கத்துக்கு நகையாகவும் தொழிற்பொருளாகவும் தேவை உண்டு, நடு இரவில் அடகுக்கடைக்காரரை எழுப்பினாலும் மதிப்புத் தெரியும்.

2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஓர் ஆண்டில் 3,200 டாலர் அளவுக்கு விழுந்தது. 2021 நவம்பரில் சுமார் 69,000. அடுத்த நவம்பரில் 16,000-க்கும் கீழே. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பொறுமையாக வைத்திருந்தவர்கள் பெரும் லாபம் பார்த்தார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய ஜூன் மாதம் எந்தப் பள்ளத்தில் வரும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதாலேயே விலை ஏறும் என்ற வாதமும் பாதிதான். அரிதாக இருப்பது விலைக்குப் போதாது. யாருக்காவது அது வேண்டும். மேலும் வரம்பு பிட்காயினுக்குத்தான். புதுப்புது காயின்களுக்கு வரம்பே இல்லை, எவரும் ஒரு மாலை நேரத்தில் ஒன்றை உருவாக்கிவிடலாம்.

இந்தியாவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி, அதன்மேல் 4% செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒரு காயினின் நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவோ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு: பிட்காயினில் உங்களுக்கு 1,00,000 ரூபாய் லாபம், வேறொரு காயினில் 1,00,000 ரூபாய் நட்டம். கையில் நின்றது பூஜ்ஜியம். கட்ட வேண்டிய வரி 31,200 ரூபாய்.

2022 ஜூலை 1 முதல் ஒவ்வொரு விற்பனைத் தொகையிலும் 1% டிடிஎஸ் பிடிக்கப்படுகிறது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்குவதும் விற்பனைதான். ஒரு லட்சத்தை வைத்து 50 முறை வாங்கி விற்றால், விலை அசையாமல் இருந்தாலும் கையில் சுழலும் முதல் சுமார் 60,500 ரூபாயாகச் சுருங்கிவிடும். பிடித்ததை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டலாம் அல்லது திரும்பப் பெறலாம். அதுவரை அது உங்கள் கையில் இல்லை. விதிகள் பட்ஜெட்டில் மாறக்கூடும் என்பதால், கணக்குத் தாக்கல் செய்யும் ஆண்டின் நிலையை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இலங்கையில், கிரிப்டோ தொழிலுக்குத் தான் யாருக்கும் உரிமம் தரவில்லை என்றும் மின்னணு அட்டைகளால் கிரிப்டோ வாங்க அனுமதி இல்லை என்றும் மத்திய வங்கி 2022-ல் எச்சரித்தது.

"காயின் வேண்டாம், பிளாக்செயின் நல்லது" என்கிறார்களே?

ஆஸ்திரேலியப் பங்குச்சந்தை தன் கணக்குத் தீர்வு அமைப்பை இந்தத் தொழில்நுட்பத்துக்கு மாற்றப் பல ஆண்டு முயன்று, 2022 நவம்பரில் கைவிட்டது. கணக்கிலிருந்து தள்ளுபடி செய்த தொகை சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலர். கப்பல் சரக்கைக் கண்காணிக்க மேர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018-ல் தொடங்கிய டிரேட்லென்ஸை மூடப்போவதாக அதே மாதம் அறிவித்தார்கள். யார் யார் எழுதலாம் என்று முன்பே தெரிந்த இடத்தில் சாதாரணத் தரவுத்தளமே போதுமானது. உங்கள் நிறுவனத்துக்கு யாராவது பிளாக்செயின் விற்க வந்தால், "இதைச் சாதாரண டேட்டாபேஸில் ஏன் செய்ய முடியாது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலில் உங்கள் தொழிலின் பெயர் வராமல் ‘எதிர்காலம்’ மட்டும் வந்தால் வழியனுப்பி வையுங்கள்.

உண்மையில் பயன்பட்ட இடங்கள்

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதும் நேர்மையல்ல. 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் எல்லாம் விக்கிலீக்ஸுக்கு நன்கொடை வழியை அடைத்தபோது, 2011-ல் அது பிட்காயினை ஏற்கத் தொடங்கியது. 2022-ல் போர் தொடங்கிய சில நாட்களில் உக்ரைன் அரசு தன் வாலட் முகவரிகளை வெளியிட்டு, உலகெங்கிலுமிருந்து கோடிக்கணக்கான டாலர் நன்கொடை பெற்றது. அர்ஜென்டினாவிலும் நைஜீரியாவிலும் உள்ளூர் நாணயம் மதிப்பிழந்து, டாலர் வாங்கவும் கட்டுப்பாடு இருந்தபோது, மக்கள் ஸ்டேபிள்காயினில் ஒதுங்கினார்கள்.

இவை மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. வழக்கமான வழி அடைபட்டிருந்தது, அல்லது உடைந்திருந்தது. அங்கே நம் முதல் கேள்விக்கான பதில், "இப்போது எதுவும் இந்த வேலையைச் செய்யவில்லை" என்பது. உங்கள் நிலைமை அதுவானால் கிரிப்டோ உங்களுக்கு ஒரு கருவி. யூபிஐயும் வங்கிக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த வாதத்தைக் கடன் வாங்க முடியாது.

அடைபட்ட வழி என்பதில் குற்றவாளிகளும் அடக்கம். பிணைத்தொகை கேட்கும் கணினித் தாக்குதல்கள் கிரிப்டோவால் பெருகின. ஆனால் இதில் தடமே இல்லை என்று நம்ப வேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் 75 பிட்காயின் பிணைத்தொகை கொடுத்தது, அதில் 63.7 பிட்காயினை எஃப்பிஐ அடுத்த மாதமே கைப்பற்றியது. பேரேடு எல்லோரும் பார்க்கும்படி திறந்தே கிடக்கிறது.

மோசடியை அடையாளம் காண

பல மோசடிகளில் கிரிப்டோவே இருப்பதில்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. 2014-ல் பல்கேரியாவிலிருந்து தொடங்கிய ஒன்காயின், உலகெங்கும் 400 கோடி டாலர் அளவுக்குத் திரட்டியது. அதற்கு உண்மையான பிளாக்செயினே இல்லை. அதன் முகமாக இருந்த ரூஜா இக்னாடோவா 2017 அக்டோபரில் தலைமறைவானார். இந்தியாவில் கெயின்பிட்காயின் மாதம் 10% என்று சொல்லிப் பணம் திரட்டியது.

புதிய வகை மோசடி வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் நட்பாகத் தொடங்குகிறது. போலிச் செயலியில் லாபம் ஏறுவது தெரியும். சிறு தொகையை எடுக்கவும் விடுவார்கள். பெரிய தொகையை எடுக்கப்போனால் "முதலில் வரி கட்டுங்கள்" என்பார்கள். இப்படிப் பேசுகிறவர்களில் பலர் மியான்மர், கம்போடியா முகாம்களில் அடைத்துவைக்கப்பட்டவர்கள். வெளிநாட்டு ஐடி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள்.

கீழே உள்ளவற்றில் ஒன்று தென்பட்டாலும் விலகுங்கள்:

- மாதா மாதம் இவ்வளவு என்று உறுதி.
- ஆள் சேர்த்தால் கமிஷன்.
- அவர்கள் அனுப்பும் இணைப்பிலிருந்து மட்டுமே கிடைக்கும் செயலி.
- எடுப்பதற்கு முன் வரி, கட்டணம், ‘டெபாசிட்’ கேட்பது.
- 12 அல்லது 24 சொற்களைக் கேட்பது. எந்த உதவி மையத்துக்கும் அது தேவைப்படாது.

ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டுக் காலம் கடத்தாமல் உடனே 1930 என்ற இந்திய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் பணம் இன்னும் வங்கிக் கணக்குகளில் நகர்ந்துகொண்டிருக்கும்போதுதான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். காயினாக மாறி வெளிநாட்டு வாலட்டுக்குப் போனபின் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

பணம் போடுவதற்கு முன்

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க நினைத்தால், இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. எந்த வேலைக்காக வாங்குகிறீர்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அந்த வரியில் ‘விலை ஏறும்’ என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லையென்றால், நீங்கள் செய்வது ஊகம். அதில் தவறில்லை, ஆனால் அதற்குச் சேமிப்பு என்றோ முதலீடு என்றோ பெயர் வைக்காதீர்கள்.
2. அவசர நிதி, மருத்துவக் காப்பீடு, கடன் தவணை மூன்றும் ஒழுங்கான பிறகே தொகையை முடிவு செய்யுங்கள். முழுவதும் போனாலும் வீட்டில் எதுவும் நிற்காத தொகையாக இருக்கட்டும். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வேண்டவே வேண்டாம்.
3. எக்ஸ்சேஞ்ச் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு என்பது பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கானது. உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் அல்ல.
4. முதல் வாரமே சிறு தொகையை விற்று, ரூபாயாக வங்கிக் கணக்குக்கு வரவழைத்துப் பாருங்கள். வெளியேறும் கதவு திறக்கிறதா என்று தெரியாமல் உள்ளே போகக் கூடாது.
5. சொந்த வாலட்டில் வைத்தால் சொற்களைக் காகிதத்தில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். நீங்கள் இல்லாவிட்டால் குடும்பத்தார் எப்படி எடுப்பார்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.
6. ஒவ்வொரு வாங்கல், விற்றலின் தேதி, தொகை, டிடிஎஸ் மூன்றையும் குறித்து வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் மூடிப்போனாலும் வருமான வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை முதலில் எழுதிய அந்த வரியை எடுத்துப் படியுங்கள். அந்த வேலை நடந்ததா என்று மட்டும் பாருங்கள். விலையைப் பார்க்க வேண்டாம். நடந்திருந்தால் வைத்திருக்கக் காரணம் இருக்கிறது. நடக்காமல் விலை மட்டும் ஏறியிருந்தால், போட்ட முதலையாவது வெளியே எடுத்துவிடுங்கள். நடக்கவும் இல்லை, விலையும் இறங்கியிருக்கிறது என்றால், இழந்ததை மீட்க மேலும் போடாதீர்கள். போன பணத்தைத் துரத்திப் போகும் பணம்தான் இந்தச் சந்தையில் பலரைக் கடனில் தள்ளியிருக்கிறது.